நந்தியாவட்டையை மொட்டையடித்த புழு யார்? மருந்து பாட்டிலைத் தொடும் முன் ஒரு நிமிஷம்!

காலையில் பூஜைக்குப் பூப்பறிக்கப் போனால், நந்தியாவட்டையின் உச்சிக்கிளை மொட்டையாக நிற்கிறது. நேற்று மாலை வரை இலை இருந்த கிளை. கீழே தரையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கரும்பச்சையில் உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. 'எலி வேலை' என்பார் ஒருவர். 'ஆடு புகுந்திருக்கும்' என்பார் இன்னொருவர். மாடியில் ஆடு எப்படி வரும் என்று யாரும் கேட்பதில்லை!

அந்த உருண்டைகள் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே பொறுமையாகப் பார்த்தால் ஆள் சிக்கிவிடும். விரல் தடிமனில், இலைக்காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டு ஒரு பச்சைப்புழு. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, வால் பக்கம் குட்டையாக ஒரு கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தில் இரண்டு பெரிய நீலக் கண்களைக் காட்டும். உண்மையில் அவை கண்களே இல்லை, தோலில் இருக்கும் பொட்டுகள்தான். ஆனாலும் குருவி பயப்படும், நாமும் கையை இழுத்துக்கொள்வோம்.

அடுத்து நடப்பது பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். செருப்பு, இல்லாவிட்டால் மருந்து பாட்டில். செடியில் புழு என்றாலே 'அடி' என்பதுதான் நமக்குப் பழக்கம். அடிக்கும் முன் அதன் பெயரைக் கண்டுபிடித்தால் என்ன லாபம்? பெயர் தெரிந்தால்தான் அடிக்க வேண்டுமா, விட வேண்டுமா என்பதே தெரியும்.

நந்தியாவட்டைப் புழுவின் பெயர் ஓலியாண்டர் ஹாக் மாத். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகிய மூன்றும் இதன் சாப்பாட்டுத் தட்டு. மாடு வாய் வைக்காத அரளி இலையின் நஞ்சு இதை ஒன்றும் செய்வதில்லை. சுமார் மூன்று வாரம் தின்று தீர்த்துவிட்டுக் கடைசியில் பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கும். சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகப் படுத்துக்கொள்ளும். வெப்பமான நாட்களில் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் வெளியே வருவது, பச்சையும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்து ராணுவச் சீருடை போல இறகு கொண்ட ஓர் அந்துப்பூச்சி. இறகை விரித்தால் 9 முதல் 11 சென்டிமீட்டர் இருக்கும். நம் வீட்டுத் தோட்டங்களுக்கு வருவதில் இதைவிட அழகான பூச்சி இருக்கிறதா என்பது சந்தேகமே. செடிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. நன்றாக வேர் பிடித்த நந்தியாவட்டை சில வாரங்களில் மறுபடி துளிர்த்துவிடும். புழு இருப்பதே இரண்டு மூன்று என்றால் விட்டுவிடலாம். சின்னத் தொட்டிச் செடியாக இருந்தால், புழுவை இலையோடு எடுத்துத் தெருமுனையில் நிற்கும் அரளியில் விட்டால் முடிந்தது கதை.

அந்து, விட்டில், பட்டு

'மாத்' என்று ஆங்கிலத்தில் சொல்வதற்குத் தமிழில் அந்துப்பூச்சி என்று எழுதுகிறோம். ஆனால் வீட்டில் 'அந்து' என்றால் அரிசியில் வருவதுதான். ரவை டப்பாவைத் திறந்தால் நூல் கட்டிக் கட்டியாகக் கிடக்குமே, அதைச் செய்வது இந்த அந்தின் புழு. விளக்கைச் சுற்றுவதைப் பலர் விட்டில் என்பார்கள். சில ஊர்களில் விட்டில் என்றால் வெட்டுக்கிளி வகை. பெரிதாக, நிறமாக இருந்தால் எல்லாமே 'பட்டாம்பூச்சி' ஆகிவிடும்.

"பாட்டி, இது பட்டாம்பூச்சியா?"

"இல்லடா கண்ணு, விட்டில். தொடாதே, அந்தப் பொடி கண்ணுல பட்டா ஆகாது."

இந்த உரையாடல் கேட்காத வீடு குறைவு. கையில் ஒட்டும் பொடி, இறகின் மேல் ஓடு வேய்ந்தது போல அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள். பட்டாம்பூச்சிக்கும் அதே செதில்தான். கண்ணில் விழுந்தால் தூசி விழுந்தது போல உறுத்தும், கழுவிவிட்டால் சரி. பார்வை போகாது. இருந்தாலும் 'தொடாதே' என்று பாட்டி சொல்வது நல்லதுதான். செதில் உதிர்ந்தால் நஷ்டம் பூச்சிக்கு.

பட்டாம்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் பிரித்துச் சொல்ல உணர்கொம்பைப் பார்ப்பது எளிது. பட்டாம்பூச்சியின் கொம்பு நுனியில் தீக்குச்சி போலக் குமிழ் இருக்கும். அந்துப்பூச்சியின் கொம்பு நூல் போலவோ, சிறகு போலக் கிளைத்தோ இருக்கும். 'பகலில் பறந்தால் பட்டாம்பூச்சி, இரவில் பறந்தால் அந்துப்பூச்சி' என்ற கணக்கு எப்போதும் சரிவராது. பகலில் இட்லிப்பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் குட்டிப் பறவை ஒன்றைப் பலரும் பார்த்திருப்பார்கள். தேன்சிட்டுக் குஞ்சு என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அதுவும் ஒரு ஹாக் மாத்தான். அதிலேயே இறகு கண்ணாடி போல இருக்கும் வகை ஒன்று இருக்கிறது. கூட்டை விட்டு வரும்போது அதன் இறகிலும் செதில் இருக்கும். முதல் தடவை படபடவென்று அடித்ததும் அத்தனையும் உதிர்ந்து கண்ணாடியாகிவிடும்.

பீரோவில் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் காஞ்சிபுரம் பட்டு இருக்கிறதே, அதுவும் அந்துப்பூச்சி தந்ததுதான். மல்பெரி இலை தின்னும் அந்தப் புழு ஒரு கூட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் நூல் நூற்கும். பல ஆயிரம் ஆண்டுகள் மனிதர் கையிலேயே வளர்ந்ததில், பட்டுப்பூச்சி பறப்பதையே மறந்துபோனது.

இந்தியாவில் பட்டாம்பூச்சி வகைகள் 1,300-ஐ ஒட்டி இருக்க, அந்துப்பூச்சி வகைகள் 10,000-க்கும் மேல். அவற்றை முறையாக எழுதிவைத்த பெரிய வேலைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர், அங்கேதான் பூச்சிகள் மேல் ஆசை கொண்டார். லண்டன் திரும்பிய பிறகு 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டும் புத்தகங்கள் அவை.

காய்கறிச் செடியில் யார் யார்?

மாடித்தோட்டத்தில் கை வைப்பவர்களை முதலில் அடையாளம் கண்டுகொள்வது நல்லது. இவர்கள் மூன்று நான்கு பேர்தான்.

பீர்க்கு, பாகல், வெள்ளரிக் கொடியருகே மாலையில் வெள்ளையாக ஒரு சின்ன முக்கோணம் உட்கார்ந்திருக்கும். இறகைச் சுற்றிக் கறுப்பு பார்டர் வைத்த வெள்ளைப் புடவை மாதிரி. வால் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மயிர்க்கற்றை, அதைக் குஞ்சம் போல விரித்து விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். இதன் புழு பச்சை, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. இலையைச் சுரண்டும், இலையைப் பிணைத்து உள்ளே இருக்கும், பிஞ்சையும் துளைக்கும். காலையில் சுருண்ட இலைகளை மட்டும் பிரித்துப் பார்த்துப் புழுவைப் பொறுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தண்டுக்கீரை, சிறுகீரைப் பாத்தியில் தண்ணீர் ஊற்றும்போது காலடியில் கரும்பழுப்புப் பூச்சி ஒன்று எழும்பி, இரண்டடி தள்ளி மறுபடி உட்காரும். இறகில் வெள்ளைப் பட்டை இரண்டு தெளிவாகத் தெரியும். இதன் புழுதான் கீரை இலைகளை நூலால் சேர்த்துக் கட்டிச் சல்லடையாக்குவது. கீரைக்கு மருந்தடிப்பதைப் போலத் தப்பான காரியம் வேறில்லை. இன்றைக்கு அடித்து நாளைக்குக் கடையும் பொருள் அது. கட்டிய இலையைக் கிள்ளி எறிவது, கூட்டம் அதிகமானால் பாத்தியை முழுதாக அறுத்துவிட்டுப் புதிதாக விதைப்பது, இவ்வளவுதான் வைத்தியம்.

கத்தரியின் கதை கொஞ்சம் பெரிது. இளந்தண்டின் நுனி மட்டும் திடீரென்று தலை தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குடம் ஊற்றுவார்கள். உள்ளே புழு துளைத்துக்கொண்டிருக்கும். காய் வந்தபிறகு காயையும் துளைத்து ஓட்டையைக் கழிவால் அடைத்துவிடும். எந்தக் கத்தரிக்காயை அரிந்தாலும் சொத்தையாக இருக்கும் சலிப்புக்குக் காரணம், பழுப்புத் திட்டுகள் கொண்ட வெண்மையான ஒரு குட்டி அந்துப்பூச்சி. நகக்கண் அளவுகூட இல்லாத இந்தப் பூச்சியை ஒழிக்கத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி உருவானது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது, பங்களாதேஷ் அடுத்த சில ஆண்டுகளில் பயிரிடத் தொடங்கியது. வீட்டில் பத்துச் செடி வைத்திருப்பவருக்கு இந்த அரசியல் வேண்டாம். வாடிய நுனியை ஒரு விரற்கடை கீழே வரை சேர்த்துக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். கிள்ளிய நுனியை அங்கேயே தொட்டிக்குள் வீசுவதில் பயனில்லை, புழு வெளியே வந்துவிடும்.

அடுத்தவர் விநோதமானவர். கொரோனா காலத்தில் கஷாயத்துக்காகப் பல வீட்டு மதில்களில் சீந்தில் கொடி ஏறியது. அந்த இலையைத் தின்னக் கறுத்த வெல்வெட் உடம்பில் பெரிய கண்பொட்டுகளோடு ஒரு புழு வரும். சீந்திலுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. வளர்ந்த பூச்சிதான் வில்லன். முன்னிறகு காய்ந்த சருகு மாதிரி, உள்ளே பின்னிறகு பளீரென்று ஆரஞ்சு. பழ ஈக்கள் புழுவாகத்தான் பழத்தைக் கெடுக்கும். இதுவோ வளர்ந்தபிறகு, முள் வைத்த உறிஞ்சுகுழலால் இரவில் மாதுளையையும் ஆரஞ்சையும் குத்திச் சாறு குடிக்கும். குத்திய இடத்தில் அழுகல் பிடித்துப் பழம் உதிரும். காயாக இருக்கும்போதே துணிப்பை கட்டிவிட்டால் தொல்லை இல்லை.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வரும் புழுவை இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. சின்ன வயதில் காக்காய் எச்சம் போல இருந்து பிறகு பச்சையாகும் அது, தொட்டால் தலையிலிருந்து சிவப்பாகக் கவை போன்ற ஒன்றை நீட்டி ஒரு வாடை விடும். அது அந்துப்பூச்சியின் புழு அல்ல, வளர்ந்தால் கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சி.

முருங்கைக் கம்பளிப்பூச்சியை மட்டும் கையால் தொடாதீர்கள்

எல்லாவற்றையும் விட்டுவிடு என்று சொல்வது சுலபம். மழைக்காலத்தில் முருங்கை வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும்! அடிமரத்தில் பகலெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியது போல நூற்றுக்கணக்கில் அப்பிக்கிடந்துவிட்டு, ராத்திரி மேலே ஏறி இலையைத் தின்று மரத்தை எலும்புக்கூடாக்கிவிடும். பக்கத்துக் கொடியில் துணி காயப்போட்டால் அரிப்பு, குழந்தை மரத்தில் சாய்ந்தால் தடிப்பு.

இங்கே கருணைக்கு வேலையில்லை. முட்டைக்கூட்டத்தையும் சின்னப் புழுக்கூட்டத்தையும் இலையோடு வெட்டி எடுத்து அழிப்பது முதல் வேலை. அடிமரத்தில் கூடியிருப்பவற்றின் மேல், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கரைத்துத் தெளிப்பது பரிந்துரைக்கப்பட்ட முறை. துணியைச் சுற்றிக் கொளுத்தித் தீப்பந்தம் காட்டுவது பழைய வழக்கம். மின்கம்பியும் கூரையும் நெருங்கிய இன்றைய வீட்டுக் கொல்லைகளில் அது ஆபத்து. தவிர, எரிந்த மயிர் காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் போகும்.

மயிர் மேலே பட்டுவிட்டால் தேய்க்கவே கூடாது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர் வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் விழுந்தாலோ, மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போவதே சரி. அரிப்பு தருவது பெரும்பாலும் புழுவின் மயிர்தான். சுவரில் வந்து உட்காரும் பெரிய பூச்சிகள் கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை.

அப்படி வந்து உட்காருபவர்களில் பயமுறுத்துவது இருவர். ஒருவர், உள்ளங்கை அகலத்தில் கரும்பழுப்பு இறகும் அதில் ஆந்தைக்கண் போன்ற பொட்டும் கொண்டவர். அழுகிய பழச்சாறு குடிப்பதுதான் அவர் தொழில். மற்றவர் முதுகில் மண்டையோடு படம் போட்டிருப்பார். 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தின் போஸ்டரில் வரும் பூச்சி இந்த இனம்தான். பிடித்தால் கீச்சென்று கத்தவும் செய்யும். இவ்வளவு மிரட்டலும் எதற்கு? தேன்கூட்டுக்குள் நுழைந்து தேன் திருட!

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவார ஊர்களில் அட்லஸ் பூச்சி அவ்வப்போது செய்தியாகும். இறகு விரிந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், இறகு நுனி பாம்புத்தலை மாதிரி இருக்கும். 'பாம்புப் பட்டாம்பூச்சி' என்று வாட்ஸ்அப்பில் ஓடும். அதற்கும், ஒதிய மரத்து இலை தின்று வளரும் இளம்பச்சை நிலாப்பூச்சிக்கும் சாப்பிடும் வாயே கிடையாது. புழுவாக இருக்கும்போது தின்று சேர்த்ததை வைத்து ஒரு வாரம் போல வாழ்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். அதைப் புட்டியில் அடைத்து இரண்டு நாள் வேடிக்கை காட்டினால், அதன் ஆயுளில் பெரும்பகுதி போயிற்று.

வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார். சுவரில் வெள்ளரி விதை வடிவத்தில் சாம்பல் நிறப் பை ஒன்று ஒட்டித் தொங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு முனையிலிருந்து தலை நீட்டி, பையை இழுத்துக்கொண்டு நகரும். மணலும் தூசியும் நூலும் கலந்து தானே தைத்துக்கொண்ட சட்டை அது. உள்ளே இருப்பது துணி அந்துப்பூச்சியின் உறவுக்காரப் புழு. ஒட்டடையும் உதிர்ந்த தலைமுடியும்தான் சாப்பாடு. ஒட்டடை அடித்தால் தானே போய்விடும், மருந்து வேண்டாம்.

வேட்டியும் பல்பும் போதும்

எது வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையா? ஒரு பழைய வெள்ளை வேட்டி போதும். மொட்டைமாடியில் துணிக்கொடியில் தொங்கவிட்டு, முன்னால் ஒரு பல்பைப் போட வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாட்கள், மழை விட்ட மறுநாள், காற்றில்லாத புழுக்கமான இரவு என்றால் கூட்டம் நன்றாக இருக்கும். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை உட்கார்ந்தால் போதும். எல்.இ.டி. பல்புக்கு அவ்வளவாக வருவதில்லை, அதில் புற ஊதா ஒளி மிகக் குறைவு. பரணில் கிடக்கும் பழைய சி.எஃப்.எல். இருந்தால் அதற்கு வேலை வந்துவிட்டது. புற ஊதா விளக்கு வாங்கினால் குழந்தைகள் அதை நேராகப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்குக்கு வராதவையும் உண்டு. அவற்றுக்கு விருந்துதான் வழி. நன்றாகக் கனிந்த பூவன் பழத்தை வெல்லத்தோடு பிசைந்து ஒரு நாள் புளிக்கவிட்டு, மாலையில் மரத்தில் பூசினால் ஆந்தைக்கண்ணும் பழம் குத்தியும் தேடி வரும். அவற்றுக்கு முன்னால் எறும்பு வந்துவிடும் என்பதுதான் இதில் சிக்கல். தரையிலிருந்து நாலடி உயரத்தில், கொஞ்சமாகப் பூசுவது நல்லது.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு நிலாவை வைத்து வழி பார்க்கும் கதையை வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு வேறு விஷயம் சொன்னது. அதிவேக கேமராவில் படம் பிடித்துப் பார்த்ததில், பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாய்வதில்லை, முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டே பறக்கின்றன என்று தெரிந்தது. இயற்கையில் இரவிலும் வானம்தான் தரையைவிட வெளிச்சம். 'வெளிச்சம் எந்தப் பக்கமோ அதுதான் மேலே' என்பது பூச்சியின் கணக்கு. பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் மேல் எது, கீழ் எது என்று குழம்பி, அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் ஆசை என்று பாட்டெழுதியதெல்லாம் பாவம், தலைசுற்றல்!

அதனால் விளக்கை இரவெல்லாம் எரியவிடக் கூடாது. பார்த்து முடித்ததும் அணைத்துவிட்டு வேட்டியை மெதுவாக உதறிவிட வேண்டும். விட்டால் பல்லிக்குப் பந்தி, விடிந்ததும் மைனாவுக்கும் கரிச்சானுக்கும் காலைச் சாப்பாடு. வாசல் விளக்கும் தேவையில்லாத நேரத்தில் அணைந்திருப்பது நல்லது. மஞ்சள் வெளிச்ச பல்பு மாற்றினாலே சுற்றும் கூட்டம் குறையும்.

பெயர் கண்டுபிடிக்க மொபைல் போட்டோ போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, எந்தச் செடியில் இருந்ததோ அந்த இலை ஒன்று. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். உட்காரும் தோற்றமே பாதி அடையாளம் சொல்லிவிடும். ஜெட் விமானம் போலப் பின்னுக்குச் சாய்ந்த இறகு என்றால் ஹாக் மாத். இறகை முழுதாக விரித்துச் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டால், முழம் போட்டு நடக்கும் புழுவின் குடும்பம். ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒல்லியாக நின்றால் அதுவும் அந்துப்பூச்சிதான், கொசு இனம் என்று நசுக்கிவிடுவார்கள். மொபைலில் தேடினால் சில சமயம் அமெரிக்காவில் மட்டும் இருக்கும் பூச்சியின் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் ஏற்றினால் விவரம் தெரிந்த மனிதர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். ஜூலை கடைசி முழு வாரத்தில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் நடக்கிறது. 2012-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கியது இது. மாடியில் வேட்டி கட்டிய யாரும் இதில் சேரலாம்.

குருவிக்கு என்ன கொடுப்பது?

இரவில் மலரும் பூக்கள் வெள்ளையாக, வாசமாக இருப்பது இந்த விருந்தாளிகளுக்காகத்தான். மரமல்லியின் நீளக் குழாய்க்குள் வண்டு நுழைய முடியாது. உடம்பைவிட நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட ஹாக் மாத்தால் முடியும். பப்பாளி காய்ப்பதில் ஹாக் மாத்துகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று கென்யாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லை என்று புலம்பும் வீடுகளில் மாலையில் மருந்தடிக்கும் பழக்கம் இருக்கிறதா என்றும் ஒருமுறை யோசிக்கலாம்.

இன்னொன்று சிட்டுக்குருவி. மார்ச் மாதம் வந்தால் அட்டைப்பெட்டிக் கூடு வாங்கி மாட்டுகிறோம், கம்பும் அரிசியும் தூவுகிறோம். பெரிய குருவிக்கு அது சரி. பொரித்த குஞ்சு முதல் சில நாட்களுக்குத் தானியம் தின்னாது. தாய்க்குருவி கொண்டுவந்து ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். ஒரு பக்கம் கூடு மாட்டிவிட்டு, மறுபக்கம் நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்தடித்தால் அந்தக் கூட்டில் குஞ்சு எதைத் தின்று வளரும்? புழு முழுதும் ஒழிந்த தோட்டத்தில் தையல்சிட்டுக்கும் வேலையில்லை.

சில புழுக்களின் முதுகில் வெள்ளை அரிசிமணிகள் குத்தி நிறுத்தியது போல ஒட்டியிருக்கும். முட்டையிட்டுப் பெருகப் போகிறது என்று பதறி நசுக்கிவிடுவார்கள். அவை அந்தப் புழுவின் முட்டைகள் அல்ல. புழுவுக்குள்ளேயே வளர்ந்து அதைத் தின்று வெளியே வந்த குட்டிக் குளவிகளின் கூடுகள். அந்தப் புழு எப்படியும் பிழைக்காது. ஆனால் வெளிவரும் குளவிகள் தோட்டத்தில் இன்னும் பல புழுக்களைத் தேடிப் போகும். இதே தத்துவத்தை வைத்துத்தான் வேளாண்மை ஆய்வகங்களில் கம்பு நொய்யில் அரிசி அந்தை வளர்க்கிறார்கள். அந்தின் முட்டைகளில் டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணியைப் பெருக்கி, அட்டையாக ஒட்டி விவசாயிகளுக்குக் கொடுக்கிறார்கள். சமையலறையில் நாம் சபிக்கும் அதே அந்து!

பெயர் தெரியாத புழுவை வளர்த்துப் பார்ப்பதுதான் மிகச் சரியான அடையாளம். பிள்ளைகளுக்கு லீவு நேரத்தில் நல்ல வேலை. அகலமான பிளாஸ்டிக் டப்பா, மேலே மெல்லிய துணி, அடியில் இரண்டு அங்குலம் ஈரமண்ணும் சருகும். எந்தச் செடியில் எடுத்தோமோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போட வேண்டும். வேறு இலை தின்னாது, பட்டினி கிடந்து செத்துவிடும். கழிவைத் தினமும் கொட்டாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கம்பளிப்பூச்சியை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

ஒருநாள் புழு சாப்பிடாமல் அங்குமிங்கும் ஓடும். நிறம் மாறும். நோய் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், மண்ணுக்குள் போகப் போகிறது. அதன்பிறகு கிளறிப் பார்க்கக் கூடாது, லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். டப்பாவுக்குள் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வைப்பது மிக முக்கியம். வெளியே வரும் பூச்சியின் இறகு நனைந்த காகிதம் போலச் சுருங்கியிருக்கும். அது ஏறித் தொங்கினால்தான் இறகு விரிந்து காயும். குச்சி இல்லாவிட்டால் முடங்கிய இறகோடு பறக்க முடியாமல் போய்விடும். பெரும்பாலும் இரவில்தான் வரும் என்பதால், காலையில் எழுந்ததும் குழந்தைகள் முதலில் ஓடிப் பார்ப்பது அந்தக் குச்சியைத்தான். பகல் முழுக்க அப்படியே இருக்கட்டும். இருட்டியதும் துணியை எடுத்துவிட்டு, வாசல் விளக்கையும் அணைத்துவிட வேண்டும்.